ப்ரோமெதேய் பற்றி: காமியான்ஸ்கேயில் பிறந்து ரீகாவில் ஆடிய கூடைப்பந்து கிளப்

வாசகர் கேள்வி, நவம்பர் 4

"2018-இல் தொடங்கிய கிளப். 2021-லேயே உக்ரைன் சாம்பியன். அப்புறம் லாட்வியாவுக்குப் போய் அங்கேயும் கோப்பை. பணத்தைக் கொட்டி ஆள் சேர்த்த, சொந்த ஊரில் ஆடாத ஒரு அணியை எப்படி உக்ரைன் கிளப் என்று கொண்டாடுகிறீர்கள்? இதற்கு வேரே கிடையாது."

நவம்பர் 4, இரவு

இதில் மூன்று குற்றச்சாட்டு இருக்கிறது: வயது, பணம், ஊர். தனித்தனியாகப் பேசினால்தான் சரியாக வரும்.

வயதைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. கீவின் புதிவெல்னிக் 1945-இல் தொடங்கியது, 1989-இல் சோவியத் லீக்கையே ஜெயித்தது. அலெக்சாண்டர் வோல்கோவ் அங்கிருந்துதான் அமெரிக்காவின் என்பிஏ லீக்குக்குப் போனார். அதை வைத்துப் பார்த்தால் ப்ரோமெதேய் நேற்றுப் பிறந்த குழந்தைதான். ஆனால் சுதந்திர உக்ரைனில் பட்டம் வாங்கிய அணிகளில் பல இப்படி நேற்றுப் பிறந்தவைதான். தோனெத்ஸ்க் கிளப் 2006-இல் உருவாகி 2012-இல் சாம்பியன் ஆனது. அதையும் யாராவது வேரில்லாத அணி என்று சொன்னார்களா?

நவம்பர் 5, காலை

இப்போது பணம்.

மரியுபோலின் அசோவ்மாஷ் அணிக்கு 7 பட்டங்கள். முதல் பட்டம் 2003-இல், கடைசி 2010-இல். 2007-இல் ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) நடத்திய யூரோகப் இறுதி ஆட்டம் வரை போய் ஸ்பெயினின் ஹிரோனாவிடம் தோற்றது. அந்த அணியின் பெயரே ஒரு இயந்திர ஆலையின் பெயர். ஒதேசா பக்கம் அப்போது யூஜ்னே என்று அழைக்கப்பட்ட சின்னத் துறைமுக ஊரில் கீமிக் என்ற கிளப். அங்கேயும் பின்னால் நின்றது துறைமுக ரசாயன ஆலை. டிக்கெட் விற்று, சட்டை விற்றுப் பிழைத்த பெரிய கிளப் உக்ரைனில் கிடையாது. ஆலை கொடுக்கும், இல்லையென்றால் ஒரு முதலாளி கொடுப்பார்.

ப்ரோமெதேய்க்குக் கொடுத்தவர் வொலோதிமிர் துபின்ஸ்கி என்ற தொழிலதிபர். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் பெண்கள் வாலிபால் அணியையும் சேர்த்தே நடத்தினார். மற்ற கிளப்புகளும் இதே வழியில் வந்திருக்கும்போது இந்த ஒன்றை மட்டும் "காசு அணி" என்பது நியாயமில்லை.

நவம்பர் 5, மதியம்

காலையில் எழுதியதை இன்னும் கொஞ்சம் யோசித்தேன். எல்லோரும் அப்படித்தான் என்று சொன்னால் ப்ரோமெதேய் மீதான பழி போகும், ஆனால் கவலை போகாது. அசோவ்மாஷ் 2014-இல் முடிந்தது. தோனெத்ஸ்க் அணியும் அதே வருடம் கிழக்கு உக்ரைனில் தொடங்கிய போரோடு போனது. ஏழு பட்டம் வாங்கிய அணியே ஒரு பருவத்தில் காணாமல் போகலாம் என்றால், ஒற்றைப் பையை நம்பி நிற்கும் அமைப்பு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

ஆக, பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது எதில் போய் நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆட்டக்காரர் சம்பளத்தோடு தீர்ந்துவிட்டதா? அரங்கம், சிறுவர் அணி, பயிற்சியாளர் என்று ஊருக்குள் தங்கியதா? இந்தக் கேள்வியை மறக்காமல் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

நவம்பர் 7

ஊர் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. நான் மருத்துவம் படித்தது உக்ரைனின் த்னிப்ரோ நகரத்தில். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள் என்பது தெரிந்ததே. விடுதியில் என் அறைக்கு எதிர் அறைப் பையன் ஹார்கிவ்காரன், கூடைப்பந்துப் பைத்தியம். அவன்தான் என்னை முதலில் காமியான்ஸ்கேக்கு இழுத்துக்கொண்டு போனான்.

த்னிப்ரோவிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். உள்ளூர் மின்ரயிலில், மர இருக்கையில் உட்கார்ந்து போகலாம். ஊர் வருவதற்கு முன்பே ஆலைப் புகைபோக்கிகள் வந்துவிடும். 1880-களின் கடைசியில் தொடங்கிய உருக்காலை அது. ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் பிறந்ததும் அந்த ஊரில்தான். 1936-இலிருந்து 2016 வரை த்னிப்ரோஜெர்ஜின்ஸ்க் என்று அழைக்கப்பட்டு, பிறகு பழைய பெயருக்கே திரும்பியது.

வேர் இல்லை என்று சொன்னவருக்காக இதைச் சொல்கிறேன். அந்த ஊரின் நடுச் சதுக்கத்தில் ஓர் உயரமான தூண் இருக்கிறது. அதன் உச்சியில் சங்கிலியை அறுத்துக்கொண்டு தீப்பந்தம் பிடித்து நிற்கும் கிரேக்கப் புராணத்து ப்ரோமித்தியஸ், உக்ரைன் மொழியில் ப்ரோமெதேய். 1922-இல் வைத்தது. உருக்காலை ஊருக்கு நெருப்பைக் கொண்டுவந்தவன் சிலை பொருத்தம்தானே. அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் ஊரின் அடையாளம் என்று அதைத்தான் காட்டுவார். கிளப் புதிது, பெயர் ஊரின் பழைய சொத்து. ஒரு விளம்பரக் கம்பெனிப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்த அணி இல்லை இது.

அரங்கத்தில் நான் கண்டது ஆலைத் தொழிலாளிக் குடும்பங்கள். தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். பள்ளிப் பயிற்சி முடிந்து அதே பையோடு வந்த பையன்கள் ஒரு வரிசை முழுக்க. கூடைக்குக் கீழே யாராவது விழுந்து எழுந்தால் ஓரத்தில் காத்திருக்கும் இரண்டு சிறுவர்கள் துடைப்பானோடு ஓடிவந்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒருவன் துடைத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் தலைநிமிர்ந்து ஸ்கோர் பலகையைப் பார்ப்பான், பக்கத்தில் நின்ற அமெரிக்க ஆட்டக்காரரை ஒரு பார்வை பார்ப்பான், அப்புறம்தான் ஓடுவான். பணத்தைக் கொட்டி ஆள் சேர்த்ததன் பலன் எனக்கு அந்தப் பையன் முகத்தில் தெரிந்தது.

நவம்பர் 7, கொஞ்சம் கழித்து

கோட்டு மாட்டும் இடத்தைப் பற்றி எழுத மறந்தேன். அங்கே குளிர்காலத்தில் எந்தப் பொது அரங்கத்துக்குப் போனாலும் வாசலில் கோட்டைக் கொடுத்து எண் வில்லை வாங்க வேண்டும். பொறுப்பில் ஒரு அம்மா இருப்பார். கோட்டின் கழுத்தில் மாட்டுவதற்கான துணி வளையம் அறுந்திருந்தால் முடிந்தது கதை. "உனக்கு அம்மா இல்லையா, தைத்துப் போடக் கூடாதா?" என்று முழு வரிசைக்கும் கேட்கிற மாதிரி திட்டுவார். என் நண்பனுக்குத் திட்டு விழுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவன் தைத்துக்கொண்டு வந்து, அவரிடம் முதலில் வளையத்தைக் காட்டிவிட்டுத்தான் கோட்டைக் கொடுத்தான். அந்த அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அன்று அரங்கத்தில் விழுந்த முதல் கைதட்டல் அதுதான்.

நவம்பர் 10

ஒருவர் கேட்டிருக்கிறார்: "காமியான்ஸ்கே என்கிறீர்கள், ஐரோப்பியப் பட்டியலில் ஸ்லோபோஜான்ஸ்கே என்று இருக்கிறதே?"

இரண்டும் சரி. தொடக்கம் காமியான்ஸ்கே. பிறகு கிளப் தன் இருப்பிடத்தை ஸ்லோபோஜான்ஸ்கேக்கு மாற்றியது. அது த்னிப்ரோவின் வட விளிம்பை ஒட்டிய குடியிருப்பு. 2016 வரை யுவிலேய்னே என்று பெயர். இரண்டும் ஒரே மாகாணம்தான். காமியான்ஸ்கே ரசிகர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும், இருக்கத்தான் வேண்டும். தூணும் சிலையும் அவர்களுடையது, அணி மட்டும் நகர்ந்துவிட்டது. அதே சமயம் ஒரு மணி நேர ரயில் தூரத்தை நான் பெரிய துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய நகர்வு அதற்குப் பிறகு வந்தது.

நவம்பர் 11

2022 பிப்ரவரி. ப்ரோமெதேய் அப்போது ஃபிபாவின் சாம்பியன்ஸ் லீக்கில் 16 அணிகள் சுற்றில் இருந்தது. நாலு வயதுக் கிளப்புக்கு அது சின்ன உயரமில்லை. கோச் ரோனென் கின்ஸ்பர்க், இஸ்ரேல்காரர். செக் தேசிய அணியை 2019 உலகக் கோப்பையில் 6-ஆவது இடத்துக்கும், அதன் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் கொண்டுபோனவர். அவர் மாதிரி ஒருவர் அந்த மாகாணத்துக்கு வந்து வேலை செய்தார் என்பதே எங்களுக்கு வியப்பாக இருந்தது.

24-ஆம் தேதி விடியலில் ரஷ்யா படையெடுத்தது, எல்லாம் நின்றது. உள்நாட்டு லீக் நின்றது. சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து அணி விலகியது. நாங்கள் விடுதியின் நிலவறையில் இருந்தோம். அந்த நாட்களைப் பற்றி இங்கே விரிக்க விருப்பமில்லை. ஒன்றே ஒன்று: ஹார்கிவ்காரன் கைப்பேசியில் அப்பா அம்மாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தான், இணைப்புக் கிடைக்காத இடைவெளிகளில் ஆட்டக்காரர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினான். அந்த நேரத்தில் ஏன் கூடைப்பந்து என்று நான் கேட்கவில்லை. தெரிந்த பெயர்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

நவம்பர் 12

ஆக, "சொந்த ஊரில் ஆடாத அணி" என்ற குற்றச்சாட்டு. ஊரில் ஆட முடியாமல் போன அணி அது. 2022-23 பருவத்துக்கு யூரோகப் என்ற ஐரோப்பியக் கிளப் போட்டியில் இடம் கிடைத்தது. வான்வழி மூடிய, ஏவுகணை விழுகிற நாட்டுக்கு ஸ்பெயின் அணியும் துருக்கி அணியும் வந்து ஆட முடியுமா? வீட்டு ஆட்டம் என்று ஓர் இடம் காட்டியாக வேண்டும். லாட்வியத் தலைநகர் ரீகா இடம் கொடுத்தது. லாட்விய-எஸ்தோனிய லீக்கும் கதவைத் திறந்தது.

பலருக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் இருக்கிறது. ராணுவச் சட்டத்தின் கீழ் அப்போது 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் பொதுவாக நாட்டை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தது. விளையாட்டு வீரர்கள் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் விமானம் ஏறினால் வந்துவிடலாம். உக்ரைன் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் தாளோடு எல்லையைத் தாண்ட வேண்டும். விமானமும் கிடையாது, தரைவழிதான்.

நவம்பர் 12, இரவு

ரீகா ஏன் என்று கேட்பவர்களுக்கு. லாட்வியா கூடைப்பந்து நாடு. ஐரோப்பாவின் முதல் சாம்பியன்ஷிப் 1935-இல் ஜெனிவாவில் நடந்தபோது ஜெயித்தது அவர்கள்தான். உக்ரைன் தேசிய அணியின் அப்போதைய கோச் ஐனார்ஸ் பகாத்ஸ்கிஸ் லாட்வியர். தேசிய அணியின் வீட்டு ஆட்டங்களும் ரீகாவில் நடந்திருக்கின்றன.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 2015 யூரோபாஸ்கெட்டை, அதாவது ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன்ஷிப்பை, நடத்த வேண்டியது உக்ரைன். புது அரங்கங்கள் கட்டுவோம், பிள்ளைகள் வருவார்கள் என்று பெரிய கனவு. 2014-இல் போர் வந்ததும் போட்டி கை நழுவியது. நான்கு நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அதில் ஒரு பிரிவு ரீகாவில் நடந்தது. ப்ரோமெதேய் மாதிரி ஒரு கிளப் 2018-இல் ஏன் தேவைப்பட்டது என்றால், 2014-இல் கூடைப்பந்து அங்கே அவ்வளவு இழந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம், 2013-இல்தான், தேசிய அணி யூரோபாஸ்கெட்டில் 6-ஆவது வந்து முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. ஏறுமுகத்தில் இருந்தபோது விழுந்த அடி அது.

நவம்பர் 14

"விருந்தாளியாகப் போன வீட்டில் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தார்களே" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். ஆமாம், 2022-23 லாட்விய-எஸ்தோனிய லீக் பட்டம் ப்ரோமெதேய்க்குத்தான். வாசலில் நிற்கவைத்து ஆறிய சாப்பாடு போடவில்லை அவர்கள், நடு இலையில் உட்காரவைத்தார்கள். அப்படி உட்காரவைத்தவருக்கு மரியாதை நன்றாகச் சாப்பிடுவதுதான்.

இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. அகதி அணி என்று இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தால் அது அவமானமாக இருந்திருக்கும். எஸ்தோனியாவின் தாலின்காரர்களும் ரீகாக்காரர்களும் முழு மூச்சாக ஆடினார்கள், தோற்றார்கள், கை கொடுத்தார்கள்.

நவம்பர் 15

இசுஃப் சானோன் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

1999-இல் தோனெத்ஸ்கில் பிறந்தவர். அப்பா புர்கினா ஃபாஸோக்காரர். 2018-இல் என்பிஏவின் புது ஆட்டக்காரர் தேர்வில் வாஷிங்டன் அணி 44-ஆவதாக எடுத்தது. அங்கே ஆடும் வாய்ப்பு வரவில்லை, ஐரோப்பாவில் சுற்றினார், ப்ரோமெதேய் சட்டையும் போட்டார். பந்தைப் பிடித்துக்கொண்டு தடுப்பாளர் மேல் நேராகப் பாயும் கார்டு, அதாவது வெளியிலிருந்து பந்தை முன்னெடுப்பவர். அரைக் கோர்ட்டிலிருந்தே எதிராளியை ஒட்டிக்கொண்டு தடுப்பார். தூர வீச்சு சில நாள் கைகொடுக்கும், சில நாள் கைவிடும். ஆனால் அவர் கோர்ட்டில் இருக்கும்போது எதிரணிப் பந்தாளருக்கு மூச்சு வாங்கும்.

2022 யூரோபாஸ்கெட்டில் அவரும் என்பிஏவில் ஆடிய மிஹைல்யுக்கும் உக்ரைனுக்காகச் சேர்ந்து ஆடியதைப் பாருங்கள். மிலானில் இத்தாலியை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். பெர்லினில் கடைசி 16-இல் போலந்திடம் தோற்றார்கள். பிறந்த ஊருக்குத் திரும்ப முடியாத ஒருவர் அந்த நாட்டின் சட்டையைப் போட்டு ஆடினார். தோனெத்ஸ்க் 2014-இலிருந்தே அவருக்கு மூடிக்கிடக்கிறது.

இதனால்தான் "ஊர்" என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை. அந்த அணியின் ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு ஊர் இருந்தது?

நவம்பர் 18

கடந்த சில நாட்களாக மறுபக்கத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் விட்டால் நேர்மையாகாது.

ப்ரோமெதேய் ரீகாவில் ஆடியபோது மற்ற கிளப்புகள் உக்ரைனிலேயே லீக்கை மறுபடி தொடங்கின. ஆட்டத்தின் நடுவில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதும். இரண்டு அணிகளும் நடுவர்களும் ஒரே பதுங்கு அறைக்குப் போய் உட்கார்வார்கள். உடம்பு குளிர்ந்துவிடும். அபாயம் நீங்கிய பிறகு திரும்ப வந்து, திரும்ப உடம்பைச் சூடாக்கி, நின்ற நிமிடத்திலிருந்து ஆடுவார்கள். பின்னங்கால் தசை பிடித்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது, மருத்துவனாகச் சொல்கிறேன். அந்த ஆட்டங்களில் பெரிய பெயர்கள் இல்லை, சம்பளம் குறைவு.

அங்கே இருந்து ஆடியவர்களுக்கு ரீகா அணி மேல் மனத்தாங்கல் இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். லீக்கை உயிரோடு வைத்திருந்தது அவர்கள்தான். ப்ரோமெதேய் செய்தது வேறு வேலை: ஐரோப்பிய மட்டத்தில் உக்ரைன் என்ற பெயர் காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டது, சில உக்ரைன் ஆட்டக்காரர்களுக்கு அந்த மட்டத்தில் ஆடும் வயதை வீணாக்காமல் கொடுத்தது. இரண்டு வேலையும் தேவை. எது பெரிது என்று கேட்டால், இருந்து ஆடியவர்கள் பக்கம்தான் என் கை போகும். இந்த இழையின் தொடக்கத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நவம்பர் 19

யூரோகப் விவரம் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஐரோப்பாவின் மிக உயர்ந்த கிளப் போட்டியான யூரோலீக்குக்கு அடுத்த படி. 2022-23-இல் 20 அணிகள், இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் முதல் எட்டு மேலே போயின. அதன் பிறகு எல்லாம் ஒற்றை ஆட்டம், தோற்றால் வெளியே. ப்ரோமெதேய் முதல் வருடமே அரையிறுதிக்குப் போனது. அங்கே அங்காராவின் துர்க் டெலிகோம் தடுத்தது. கோப்பை ஸ்பெயினின் கிரான் கனாரியாவுக்கு.

அந்தப் பருவத்தின் நடுவில்தான் 2023 ஜனவரி 14 வருகிறது. த்னிப்ரோவில் ஒன்பது மாடிக் குடியிருப்பின் மேல் ஏவுகணை விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அப்போது வீட்டில், இங்கே. அந்தக் கட்டடம் இருந்த ஆற்றோரப் பகுதியில் நடந்திருக்கிறேன். அணியின் இருப்பிடம் அதே நகரத்தை ஒட்டியது. அதற்குப் பிறகும் அவர்கள் பயிற்சிக்குப் போனார்கள், ஆடினார்கள். தோல்வி வெற்றிக் கணக்கைப் பார்க்கிறவர்கள் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 22

5-ஆம் தேதி மதியக் குறிப்பில் ஒரு கேள்வியை நிறுத்திவைத்தேன். அதற்கு வருகிறேன்.

2023-24 யூரோகப்பில் ப்ரோமெதேய் இருந்தது. 2024-25 யூரோகப்பின் 20 அணிகளில் அது இல்லை. கேள்வி கேட்ட நண்பர் இதைத்தான் அடுத்து எடுத்துப் போடுவார் என்று தெரியும், அதனால் நானே போடுகிறேன். ஒற்றைப் பையில் தொங்கும் கிளப்புக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து. வீட்டில் ஆட முடியவில்லை என்றால் சொந்த ஊர் ரசிகர்களின் டிக்கெட் வருமானம் கிடையாது. ஒவ்வொரு வீட்டு ஆட்டமும் வெளியூர்ச் செலவு: வாடகை அரங்கம், வாடகை வீடு, பயணம்.

இதை நான் ப்ரோமெதேயின் குறையாகப் பார்க்கவில்லை, அந்த ஏற்பாட்டின் குறையாகப் பார்க்கிறேன். மாநகராட்சிக்கும் ரசிகர்களுக்கும் கிளப்பில் ஒரு பங்கு இருந்திருந்தால், ஊர்ப் பள்ளிகளோடு எழுதி வைத்த உடன்படிக்கை இருந்திருந்தால், பெரியவர் அணி படுத்தாலும் சிறுவர் அணி நிற்கும். உக்ரைனில் அடுத்து கிளப் தொடங்குகிறவர் முதல் வருடமே செய்ய வேண்டியது அதுதான். அமெரிக்கரை இரண்டாம் வருடம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 22, இரவு

"அப்படியானால் முதலில் கேட்டவர் சொன்னது சரிதானே?" என்று ஒரு குரல்.

பாதி சரி. பணத்தைப் பற்றிய அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேர் பற்றியும் ஊர் பற்றியும் சொன்னதை நான் ஏற்கவில்லை, இன்னும் ஏற்கமாட்டேன். 2021 பட்டம் காமியான்ஸ்கே கிளப்பின் பட்டம். அதை ரீகா அழிக்காது, எந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனாலும் அது போகாது.

நவம்பர் 25

கல்லூரியில் பாயின்ட் கார்டாக ஆடும் ஒரு தம்பி எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

2022-23 யூரோகப்பில் ப்ரோமெதேய் ஆட்டம் எதையாவது முழுதாகப் பாருங்கள், சுருக்கக் காட்சி வேண்டாம். எதிரணி மூன்று புள்ளி வீசும்போது பந்தைப் பார்க்காமல், வளையத்துக்குக் கீழே ப்ரோமெதேய் ஆட்டக்காரர்கள் யாரை முதுகால் தள்ளி வெளியே நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். ரீபவுண்ட், அதாவது தவறிய வீச்சில் திரும்பும் பந்து, யாருக்கு என்பது அங்கேதான் முடிவாகிறது. தாக்குதலில் பந்து இல்லாத மூன்று பேர் எப்படி இடம் மாறுகிறார்கள் என்று கவனியுங்கள். கின்ஸ்பர்க் அணிகளில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

அப்புறம் உக்ரைன் சூப்பர்லீக் ஆட்டங்கள் யூடியூபில் வருகின்றன. வர்ணனை புரியாது, பரவாயில்லை. ஹார்கிவ்காரன் இப்போது வேறொரு நாட்டில் மேற்படிப்பில் இருக்கிறான், ஆட்டம் இருக்கும் நாளில் எனக்கு இணைப்பை அனுப்புவான். அடுத்தது வந்ததும் இங்கே போடுகிறேன், தம்பி பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதட்டும்.